நார்சிஸ் பாம்புக் குழிகள்

நார்சிஸ் பாம்புக் குழிகள் என்பவை கனடா நாட்டின் மானிட்டோபா மாகாணத்தில், நார்சிஸ் என்னும் சிற்றூருக்கு வடக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள சுண்ணாம்புக்கல் குழிகள் ஆகும். குளிர்காலம் முழுவதும் இக்குழிகளின் அடியில் அடைந்து கிடக்கும் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில் வெளியேறத் தொடங்கி, மே மாதத்தில் இனச்சேர்க்கைக்காகத் தரையே தெரியாதபடி திரளுகின்றன. காட்டுப் பாம்புகள் இத்தனை அடர்த்தியாக ஓரிடத்தில் கூடுவது உலகில் வேறெங்கும் இல்லை எனக் கருதப்படுகிறது. இங்குள்ள பாம்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பதே பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடாகும்.

இக்குழிகள் அரசின் காட்டுயிர் மேலாண்மைப் பகுதி ஒன்றினுள் அடங்கியுள்ளன. பொதுமக்கள் சென்று பார்ப்பதற்கு நடைபாதையும் பார்வை மேடைகளும் உள்ளன.

பெயரும் அமைவிடமும்

வின்னிப்பெக் ஏரிக்கும் மானிட்டோபா ஏரிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி "ஏரியிடை நாடு" என்ற பொருள்பட அழைக்கப்படுகிறது. நார்சிஸ் இப்பகுதியில்தான் உள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூத உழவர்கள் இங்குக் குடியேறினர். அக்குடியேற்றத்துக்கு உதவிய யூதக் குடியேற்றக் கழகத்தின் தலைவர் நார்சிஸ் லெவன் என்பவரின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. மண் ஆழமில்லாமலும் கல் நிறைந்தும் இருந்ததால் வேளாண்மை செழிக்கவில்லை. குடியேறியோரில் பெரும்பாலோர் பின்னர் வெளியேறினர். உழவனை விரட்டிய அதே கல்தான் பாம்புகளுக்கு வாழ்விடம் ஆயிற்று.

மாகாணத் தலைநகரான வின்னிப்பெக்கிலிருந்து குழிகள் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே உள்ளன. நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பண்ருட்டியிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் சென்று திரும்பும் தொலைவுக்குச் சற்றுக் குறைவு.

பாம்புகள் ஏன் இங்குத் திரளுகின்றன?

பாம்பு குளிர்இரத்த விலங்கு. அதாவது, தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் திறன் அதற்கில்லை. சூழலின் வெப்பத்தையே நம்பியுள்ளது. மானிட்டோபாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. நிலமும் மேலிருந்து பல அடி ஆழத்துக்கு உறைந்து இறுகிவிடும். அந்த உறைமட்டத்துக்குள் சிக்கும் பாம்பு இறந்துவிடும். எனவே உறைமட்டத்துக்கும் கீழே செல்ல ஒரு வழி வேண்டும். பாம்புக்கோ மண்ணைத் தோண்டும் உறுப்பு கிடையாது.

நார்சிஸ் பகுதியில் மேல்மண் மிக மெல்லியது. அதன் அடியில் சுண்ணாம்புப் பாறை உள்ளது. நீர் காலப்போக்கில் இப்பாறையைக் கரைத்துப் பிளவுகளையும் குடைவுகளையும் உண்டாக்கியுள்ளது. சில இடங்களில் குடைவின் கூரை இடிந்து விழுந்து, கிணறு தூர்ந்ததுபோன்ற குழிகள் தோன்றியுள்ளன. இவற்றின் இடுக்குகள் வழியே பாம்புகள் உறைமட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. அங்கு வெப்பநிலை குறைவாக இருந்தாலும் உறைநிலைக்கு மேலேயே நிற்கிறது.

இத்தகைய ஆழமான பிளவுகள் எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பாம்புகள் யாவும் சில குழிகளையே நாடி வருகின்றன. பாம்புகள் கூட்டமாக வாழும் இயல்புடையவை என்பதாலோ, தலைவன் ஒருவனைப் பின்பற்றுவதாலோ இத்திரள் உண்டாவதில்லை. இது அடிப்படையில் ஓர் இடநெருக்கடி.

பாம்பின் இயல்புகள்

இங்குக் காணப்படுவது சிவப்புப் பக்கக் கார்ட்டர் பாம்பு ஆகும். இதன் அறிவியல் பெயர் தாம்னோஃபிஸ் சிர்டாலிஸ் பரியட்டாலிஸ். வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் கார்ட்டர் பாம்பின் துணையினங்களில் இதுவும் ஒன்று. கார்ட்டர் என்பது காலுறை நழுவாமலிருக்கக் காலில் கட்டும் பட்டை. நெடுக ஓடும் கோடுகள் அப்பட்டையை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது. கருமை கலந்த உடலில் மூன்று மஞ்சள் நிறக் கோடுகளும், பக்கவாட்டில் செதில்களுக்கிடையே சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். ஆண் பாம்பு பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. பெண் அதைவிட நீளமும் பருமனும் உடையது.

தவளை, மண்புழு, சிறு எலி முதலியன இதன் உணவு. இதன் உமிழ்நீரில் சிறிதளவு நச்சுத்தன்மை இருந்தாலும் மனிதருக்கு அதனால் தீங்கில்லை. பிடித்தால் கடிப்பதை விடவும், கழிவாயிலிருந்து துர்நாற்றமுள்ள நீர்மத்தைப் பீய்ச்சுவதே இதன் முதன்மையான தற்காப்பு.

நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் தவளை பிடித்துத் திரியும் நீர்க்கோலியும் (தண்ணீர்ப்பாம்பு) கார்ட்டர் பாம்பும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் நீர்க்கோலி முட்டையிடும். கார்ட்டர் பாம்போ கண்ணாடிவிரியனைப் போலக் குட்டி போடும். குளிர்நாட்டில் முட்டையை மண்ணில் விட்டுச் செல்வதை விட, கருவை வயிற்றில் சுமந்துகொண்டு தாய் வெயிலில் காய்வது பயனுள்ள வழி என்பது எளிதில் விளங்கும்.

இளவேனில் திரள்

பனி உருகி நிலம் வெதும்பத் தொடங்கியதும் முதலில் ஆண் பாம்புகள் வெளிவருகின்றன. அவை உடனே உணவு தேடிச் செல்வதில்லை. குழியின் விளிம்பிலும் அடித்தளத்திலும் குவிந்து, பெண் பாம்புகளுக்காகக் காத்திருக்கின்றன. பெண்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பல நாட்களுக்குப் பரவலாக வெளிவருகின்றன. ஆகவே எந்நேரமும் ஆண்கள் மிகப் பலவாகவும் பெண்கள் மிகச் சிலவாகவும் இருக்கும்.

ஒரு பெண் வெளிவந்ததும் பத்து முதல் நூறு வரையிலான ஆண்கள் அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. இதனை இனச்சேர்க்கைப் பந்து என்பர். ஒவ்வோர் ஆணும் தன் தாடையைப் பெண்ணின் முதுகில் அழுத்தித் தேய்த்தபடி, நாக்கை நீட்டி நீட்டி, உடலைப் பெண்ணின் உடலோடு ஒட்டி நீட்டிக்கொள்ள முயலும். ஒன்று மட்டுமே வெற்றி பெறும். இத்தனைப் போட்டியிலும் கடித்தலோ சண்டையோ இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஓர் ஆணை விரட்டினால் அவ்விடத்தில் வேறு ஐம்பது இருக்கும்போது சண்டையிடுவதால் ஆவதொன்றுமில்லை. இணைந்தபின் ஆண் விட்டுச்செல்லும் கூழ் போன்ற அடைப்பு ஒன்று, பெண் மீண்டும் உடனடியாக இணைவதைத் தடுக்கிறது. பெண் பாம்பு விரைவில் குழியை விட்டு விலகிச் செல்கிறது. ஆண்களோ வாரக் கணக்கில் உண்ணாமல் அங்கேயே தங்குகின்றன.

இத்திரளில் உயிரிழப்பும் உண்டு. குவியலின் அடியில் அகப்பட்டு மூச்சடைத்து இறப்பவை பல. காகங்கள் வந்து பாம்பின் வயிற்றைக் கொத்திக் கல்லீரலை மட்டும் உண்டுவிட்டு உடலை விட்டுச் செல்வதும் பதிவாகியுள்ளது.

ஆய்வுகள்

எளிதில் அணுகத்தக்க ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான பாம்புகள் கிடைப்பதால், ஊர்வனவற்றின் இனப்பெருக்கம் பற்றிய பல அடிப்படை ஆய்வுகள் இப்பகுதிப் பாம்புகளைக் கொண்டே செய்யப்பட்டன.

பெரும்பாலான விலங்குகளில் இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் இயக்குநீரின் அளவு உயர்ந்து, அதுவே இணைவிழைச்சைத் தூண்டும். இப்பாம்பில் அவ்வாறில்லை. நீண்ட குளிர்உறக்கமும் அதன்பின் வரும் வெப்ப உயர்வுமே தூண்டுகோலாக அமைகின்றன என டேவிட் குரூசும் அவர் குழுவினரும் காட்டினர். வெளிவரும் வேளையில் ஆணின் விந்தகம் ஒடுங்கிய நிலையிலேயே இருக்கும். முந்தைய கோடையில் உருவாகிச் சேமிக்கப்பட்ட விந்தணுக்களே பயன்படுகின்றன.

பெண்ணை ஆண் எவ்வாறு அறிகிறது என்பதற்கு 1989-இல் விடை கிடைத்தது. பெண்ணின் தோல் கொழுப்பிலுள்ள மெத்தில் கீட்டோன்கள் என்னும் வேதிப்பொருள்களே அடையாளம் என ராபர்ட் மேசனும் உடனாய்வாளர்களும் கண்டறிந்தனர். பாம்புகளில் இனக்கவர்ச்சிப் பொருள் ஒன்று வேதியியல் முறையில் இனங்காணப்பட்டது அதுவே முதன்முறை. ஆணின் தோலிலுள்ள ஸ்குவாலீன் என்னும் பொருள் "இது ஆண்" என்பதை மற்ற ஆண்களுக்கு உணர்த்துகிறது.

அதற்கு முன்பே, 1985-இல், சில ஆண்கள் பெண்ணைப் போன்ற மணத்தை வெளியிட்டு மற்ற ஆண்களைத் தம்மேல் திரளச் செய்வதை மேசனும் குரூசும் வெளியிட்டிருந்தனர். போட்டியாளரைத் திசைதிருப்பும் தந்திரம் இது என முதலில் கருதப்பட்டது. பின்னர் 2001-இல் ஆத்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்டு சைன் குழுவினர் வேறொரு விளக்கம் தந்தனர். அப்போதுதான் வெளிவந்த ஆண் பாம்பு குளிர்ந்து சோர்ந்திருக்கும். அதன்மேல் மற்றவை திரளுவதால் அது விரைவில் வெப்பம் பெறுகிறது; காகங்களிடமிருந்து மறைவும் கிடைக்கிறது. இரண்டாவது விளக்கமே இக்கட்டுரையாளருக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. குளிர்ந்த உடலுக்கு முதல் தேவை வெப்பம்; இணை பிறகு.

கோடையும் திரும்பி வருதலும்

இணைந்தபின் பாம்புகள் சதுப்பு நிலங்களை நோக்கிச் செல்கின்றன. 1970-களில் பாட்ரிக் கிரிகரி செய்த ஆய்வுகளில், குறியிடப்பட்ட பாம்புகள் குழியிலிருந்து 17 கிலோமீட்டருக்கும் மேல் சென்றிருந்தது தெரியவந்தது. கோடையில் தவளைகளை உண்டு உடலைத் தேற்றிக்கொண்டு, செப்டம்பரில் மீண்டும் குழிகளுக்குத் திரும்புகின்றன. கோடை இறுதியில் பிறக்கும் குட்டிகள் தம் முதல் குளிர்காலத்தைப் பெரும்பாலும் இக்குழிகளில் கழிப்பதில்லை. ஆகவே குழிகளில் காணப்படுபவை ஏறத்தாழ யாவும் ஓராண்டுக்கு மேற்பட்டவை.

தமிழ்நாட்டில் இத்தகைய திரள் ஏன் இல்லை?

மேற்கூறிய காரணத்தைக் கொண்டு இவ்வினாவுக்கு எளிதில் விடை காணலாம். நார்சிஸ் வடக்கு அகலாங்கு 50 பாகைக்கு மேல் உள்ளது. கடலூர் மாவட்டம் 11 பாகையை ஒட்டியது. மார்கழி, தை மாதங்களிலும் இங்கு நிலம் உறைவதில்லை. ஒரு கறையான் புற்று, ஓர் எலிவளை, வரப்பின் வெடிப்பு, வைக்கோற்போரின் அடி ஆகியவற்றுள் எதுவும் பாம்புக்குப் போதுமான இடமே. இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் பாம்புகள் சிதறி வாழ்கின்றன. பத்துப் பாம்புகளை ஒருசேரக் காண்பதும் அரிது. வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் பெண்ணையாறும் பெருகும்போது மேட்டு நிலங்களிலும் வீடுகளிலும் பாம்புகள் மிகுதியாகத் தென்படுவதுண்டு. அது வளைகளில் நீர் புகுவதால் ஏற்படும் இடப்பெயர்ச்சி. இனச்சேர்க்கைத் திரள் அன்று.

தமிழகச் சிற்றூர்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சி, இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து முன்னுடலை நிமிர்த்தி ஆடுவதாகும். நல்லபாம்பும் சாரையும் இணைவதாக இதனைக் கருதுவர். சாரை ஆண், நாகம் பெண் என்பதும், பிணைந்த பாம்புகள்மேல் புதுத்துணியை விரித்து எடுத்து வைத்துக்கொண்டால் செல்வம் சேரும் என்பதும் நம்பிக்கைகள். உண்மையில் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைப்பாம்புகள். ஒன்றையொன்று கடிக்காமல், மேலே எழும்பி மற்றதன் தலையைத் தரையில் அழுத்த முயலும் வலுச்சோதனை அது. சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, அவை இணைவதில்லை. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பெண்கள் சிதறியிருக்கும் இடத்தில் ஓர் எதிரியை வென்றால் பயனுண்டு. ஆகவே சாரை மல்லுக்கட்டுகிறது. கார்ட்டர் பாம்பு கூட்டத்தில் முண்டியடிக்கிறது.

நார்சிஸ் படங்களில் சிறுவர்கள் பாம்புகளின் அருகே நிற்பதைக் கண்டு, நம் நிலத்துப் பாம்புகளிடமும் அவ்வாறு நெருங்கலாகாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உண்டு. நான்கின் கடியும் உயிரைப் போக்கவல்லது.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

ஒரு வட்டாரத்தின் பாம்புகள் முழுவதும் சில குழிகளில் அடங்கியிருப்பதால், ஒரு தீங்கு நேர்ந்தால் அது அனைத்தையும் தாக்கும். நார்சிஸின் வரலாறு இதற்குச் சான்று.

முதல் அச்சுறுத்தல் வணிகம். பள்ளி, கல்லூரிகளில் அறுத்துப் பார்ப்பதற்கும், செல்ல விலங்காக விற்பதற்கும் இப்பகுதிப் பாம்புகள் பெருமளவில் பிடிக்கப்பட்டன. குழியில் இறங்கிச் சாக்குப்பைகளில் அள்ளுவதற்குத் திறமை ஒன்றும் தேவையில்லை. எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தபின், 1991-இல் இவ்வணிகம் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதனை ஒத்த நிலை இருந்தது. இருளர் சமூகத்தினர் பிடித்த பாம்புகளின் தோல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்தது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் வந்த ஏற்றுமதித் தடையும் அதனை நிறுத்தின. அதனால் வாழ்வு இழந்தோருக்காக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படுகிறது. மானிட்டோபாவில் தடை மட்டும் போதுமானதாக இருந்தது. இங்கு, பிடித்தவர்களுக்கு மாற்றுத் தொழிலும் தேவைப்பட்டது.

இரண்டாவது அச்சுறுத்தல் சாலை. மாகாண நெடுஞ்சாலை எண் 17, குழிகளுக்கும் கோடைக்காலச் சதுப்பு நிலங்களுக்கும் குறுக்கே செல்கிறது. ஆண்டுக்கு இருமுறை பாம்புகள் இதனைக் கடந்தாக வேண்டும். ஊர்திகளில் நசுங்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பாம்புகள் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. இந்நிலையில் 1999-இல், பாம்புகள் உறைமட்டத்துக்குக் கீழே செல்வதற்குள் கடுங்குளிர் தாக்கியதால் பல்லாயிரம் பாம்புகள் மடிந்தன. குளிரைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் சாலை இறப்பைத் தடுக்க இயலும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

அதன்பின் சாலைக்கு அடியில் குறுகிய குழாய் வழிகள் பதிக்கப்பட்டன. சாலையோரமாகத் தாழ்ந்த வேலிகள் அமைக்கப்பட்டன. வேலியில் முட்டும் பாம்பு அதனைப் பின்தொடர்ந்து ஊர்ந்து குழாயின் வாயை அடைகிறது. பின் குழாய் வழியே மறுபுறம் செல்கிறது. இதில் நுண்கருவி எதுவும் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. தடை கண்டால் அதன் ஓரமாகவே செல்லும் பாம்பின் இயல்பே இதன் இயக்கம். வேலிகளைச் செப்பனிட்டு வைப்பதே தொடர்பணி; ஓரிடத்தில் கிழிந்தாலும் பாம்புகள் அவ்வழியே சாலைக்கு வந்துவிடும். இவ்வேற்பாட்டுக்குப்பின் சாலை இறப்புகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழாகக் குறைந்தன. பாம்புகள் கடக்கும் பருவத்தில் மெதுவாகச் செல்லுமாறு எச்சரிக்கும் பலகைகளும் நெடுஞ்சாலையில் உள்ளன.

ஐக்கிய அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சானி தேசியக் காட்டில், வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகளுக்கும் சதுப்புக்கும் இடையேயுள்ள ஒரு காட்டுச் சாலை, பாம்புகள் கடக்கும் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஏறத்தாழ இவ்விரண்டு மாதங்கள் ஊர்திகளுக்கு மூடப்படுகிறது. நடந்து செல்வோருக்குத் தடையில்லை. மக்கள் இதனைப் பாம்புச் சாலை என்றே அழைக்கின்றனர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. இங்குப் பாம்புக்காகச் சாலையே ஒதுங்குகிறது.

பார்வையிடல்

வின்னிப்பெக்கிலிருந்து நெடுஞ்சாலை 7 வழியாக வடக்கே டியூலோன் சென்று, அங்கிருந்து நெடுஞ்சாலை 17-இல் இன்வுட் வழியாக நார்சிஸை அடையலாம். இன்வுட்டில் சாம், சாரா எனப் பெயரிடப்பட்ட இரண்டு பாம்புகளின் பெரிய சிலை உள்ளது.

ஊர்தி நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கும் நடைபாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. நான்கு குழிகளை இணைக்கிறது. வழியில் விளக்கப் பலகைகள் உண்டு. திரள் உச்சத்தில் இருக்கும் நாட்களில் விளக்கம் கூறும் பணியாளர்களும் இருப்பர்.

பொதுவாக ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை உகந்த காலம். தமிழ் மாதங்களில் இது சித்திரையும் வைகாசித் தொடக்கமும் ஆகும். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் குவியும் அதே பருவம். ஆயினும் நாள் உறுதியானதன்று. பனி தாமதமாக உருகினால் திரளும் தாமதமாகும். வெயிலுள்ள நாளில், தரை சூடேறிய பிறகு, முற்பகல் முதல் பிற்பகல் வரை மிகுதியாகக் காணலாம். மேகமூட்டமோ மழையோ இருந்தால் பாம்புகள் பிளவுகளுக்குள் திரும்பிவிடும். நீண்ட பயணம் வீணாகும். செப்டம்பரிலும் பாம்புகளைக் காணலாம். ஆனால் அப்போது இனச்சேர்க்கைப் பந்துகள் இரா. பாம்புகள் குழியோரங்களில் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே செல்லும்.

குழிகளுக்குள் இறங்குவதும் பாம்புகளை எடுத்துச் செல்வதும் கூடாது. நடைபாதையிலும் பாம்புகள் ஊர்வதால் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். இளவேனிலானாலும் காற்றில் குளிர் இருக்கும். புல்வெளியில் உண்ணிகளும் உண்டு. ஆகவே கம்பளி மேலாடையும் மூடிய காலணியும் தேவை. குழியின் விளிம்பில் பேச்சு நின்றால், உலர்ந்த சருகுகளின்மேல் ஆயிரக்கணக்கான பாம்புகள் ஊரும் சலசலப்பைத் தெளிவாகக் கேட்கலாம்.